எக்கலாஜிக்கல் ஃபேலசி: பிரெக்சிட் கட்டுரைக்கு ஒரு கலைச்சொல் தேவை

வணக்கம்.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவதா, நீடிப்பதா என்று கேட்ட 2016 பிரெக்சிட் வாக்கெடுப்பில் வயது, பால், வட்டாரம் மூன்றும் மக்களின் முடிவோடு எப்படிச் சேர்ந்து நடந்தன என்ற கட்டுரைக்கான சொற்பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிட்டது. லீவ், ரிமெய்ன் இரண்டுக்கும் ‘வெளியேறு’, ‘நீடி’ என்று வைத்தாயிற்று. ‘எக்கலாஜிக்கல் ஃபேலசி’ மட்டும் முரண்டு பிடிக்கிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘சூழலியல் பிழை’ என்று வரும். படிப்பவர் காடழிப்பைப் பற்றி ஏதோ சொல்கிறார்கள் என்றுதான் நினைப்பார்.

பொருள் இதுதான்: ஓர் இடத்தின் மொத்தக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு, அங்கே வாழும் தனித்தனி ஆட்களைப் பற்றி முடிவு கட்டுவது.

எடுத்துக்காட்டு பாஸ்டன். அமெரிக்க நகரம் அல்ல, இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் இருப்பது. நாட்டிலேயே மிக அதிகமாக, 75.6%, வெளியேறச் சொன்ன பகுதி அது. போலந்து, லிதுவேனியா நாடுகளிலிருந்து வயல்வேலைக்கு வந்தவர்கள் நிறைய வாழும் ஊரும் அதுதான். ‘குடியேறியோர் மிகுந்த ஊர் வெளியேறு என்றது, ஆகவே குடியேறியோர் வெளியேறு என்றார்கள்’ என்று யாராவது எழுதினால் சிரித்துவிடுவோம். போலந்துக் குடிமக்களுக்கு அந்த வாக்கெடுப்பில் வாக்கே இல்லை. பிரிட்டன், அயர்லாந்து, காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்குத்தான் இருந்தது. லண்டனில் வசித்த இந்திய, இலங்கைக் குடிமக்கள் பதிவு செய்து வாக்களிக்கலாம், பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர் முடியாது!

ஆனால் இதே தாவலை ‘முதியோர் மிகுந்த ஊர்கள் வெளியேறு என்றன, ஆகவே முதியோர் வெளியேறு என்றார்கள்’ என்று எழுதினால் ஒருவரும் சிரிப்பதில்லை. முடிவு சரியாக இருக்கலாம், வந்த வழி தவறு. அந்த வழிக்குத்தான் பெயர் வேண்டும்.

* * *

> ‘சூழலியல் பிழை’ என்று வரும்

வேண்டாம் ஐயா. ஆங்கிலத்திலேயே அந்த ‘எக்கலாஜி’க்கும் இயற்கைச் சூழலுக்கும் நேர்த்தொடர்பு இல்லை. ஒரு நகரத்தின் எந்தப் பகுதியில் எத்தகைய மக்கள் வாழ்கிறார்கள் என்று ஆராய்ந்த சமூகவியலார் தங்கள் துறைக்கு அந்தப் பெயரை இரவல் வாங்கினார்கள். 1950இல் அமெரிக்கச் சமூகவியலர் ராபின்சன் எழுதிய கட்டுரையில் ‘எக்கலாஜிக்கல்’ என்றால் ‘பகுதிவாரியான’ என்றுதான் பொருள். 1930 அமெரிக்கக் குடிக்கணக்கை எடுத்துப் பார்த்தார். வெளிநாட்டில் பிறந்தோர் மிகுந்த மாநிலங்களில் எழுத்தறியாதோர் குறைவு. ஆள் ஆளாகப் பார்த்தாலோ, வெளிநாட்டில் பிறந்தோரிடையேதான் எழுத்தறியாமை சற்று அதிகம். காரணம், அவர்கள் குடியேறிய மாநிலங்களில் உள்ளூர்க்காரர்கள் நன்றாகப் படித்தவர்கள். கூட்டுக்கணக்கில் தொடர்பின் திசையே தலைகீழாகிவிட்டது.

பிரெக்சிட்டுக்கு ஒரு கற்பனைக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன், கட்டுரையில் பெட்டிச் செய்தியாக வைக்கலாம். இரண்டு ஊர்கள், ஒவ்வொன்றிலும் 1,000 வாக்குகள். முதல் ஊரில் முதியோர் 300 பேர், வெளியேறு 70%. இரண்டாவது ஊரில் முதியோர் 100 பேர், வெளியேறு 40%. முதியோர் கூடக்கூட வெளியேறு கூடுவதுபோலத் தெரிகிறதா? உள்ளே திறந்து பாருங்கள். முதல் ஊரில் முதியோரில் 210, மற்ற 700 பேரில் 490. இரு தரப்பிலும் 70%. இரண்டாவதில் முதியோரில் 40, மற்ற 900 பேரில் 360. இரு தரப்பிலும் 40%. எந்த ஊரிலும் வயது ஒரு வேலையும் செய்யவில்லை. ஊர்தான் செய்தது.

இந்த இரு புள்ளிகளை இணைத்துக் கோடு இழுத்து, ‘முதியோர் மட்டுமே வாழும் ஊர்’ வரை நீட்டினால் வெளியேறு 175% வரும். நூற்றைத் தாண்டும் விடை வந்தால் பிடித்துவிடலாம். 85% என்று வந்துவிட்டால்தான் ஆபத்து, நம்பத் தோன்றும்.

என் பரிந்துரை: வட்டார வழு.

* * *

‘வட்டார’ என்றதும் தமிழில் அடுத்துக் காதில் விழுவது ‘வழக்கு’. ‘வட்டார வழு’ என்றால் நெல்லைக்காரர் பேச்சில் கோவைக்காரர் குற்றம் கண்டுபிடித்ததுபோல இருக்கிறது. ‘இடவழு’ என்று மாற்றவும் வழியில்லை. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று இலக்கணத்தார் ஏழு வழுக்களை ஏற்கெனவே பங்கு போட்டுக்கொண்டார்கள். அங்கே இடம் என்றால் தன்மை, முன்னிலை, படர்க்கை.

ஆனால் இலக்கணத்தில் வேறொரு கதவு திறந்திருக்கிறது. ‘ஊர் சிரித்தது’ என்பது இடவாகுபெயர். ஊர் என்ற இடப்பெயர் ஊராருக்கு ஆகி வந்தது. ‘பாஸ்டன் வெளியேறு என்றது’ என்பதும் அதுவே. ஸ்காட்லாந்து நீடி என்றது, வேல்ஸ் வெளியேறு என்றது, எல்லாமே இடவாகுபெயர்கள். சொல்லும்போது குற்றமில்லை. ஆகுபெயரைப் பிரித்து ஆளாளுக்குப் பங்கு வைக்கும்போதுதான் கோளாறு. ஊர் சிரித்தது என்றால் ஊரில் ஒருவர்கூட அழவில்லை என்று ஆகாது. ‘ஆகுபெயர் வழு’ என்று சொல்லிப் பார்க்கலாமா?

* * *

ஆகுபெயர் விளக்கம் அருமை, கட்டுரையில் கட்டாயம் வரவேண்டும். கலைச்சொல்லாக நிற்காது என்பது என் எண்ணம். தரவு இடவாரியாக மட்டும் திரட்டப்படுவதில்லை. பள்ளிவாரியாக, மருத்துவமனைவாரியாக, ஆண்டுவாரியாகத் திரட்டினாலும் இதே கோளாறுதான். ஆகவே முதற்பாதி ‘திரள்’ என்று இருக்கட்டும்.

பிற்பாதிக்கு இலங்கையிலிருந்து ஒரு சொல். அளவையியல் (தர்க்கம்) பாடத்தில் நாங்கள் ஃபேலசியைப் ‘போலி’ என்றுதான் படிக்கிறோம். புதிதாகக் கண்டதில்லை, மணிமேகலையில் அறவண அடிகள் அளவை நெறி சொல்லும் இடத்தில் பக்கப்போலி, ஏதுப்போலி என்று வகைவகையாக வருகிறது. பார்வைக்குச் சரியான வாதம்போல இருந்து, உள்ளே ஓட்டையாக இருப்பது போலி. ‘பிழை’ என்றால் கூட்டலில் விட்ட பிழையும் பிழைதானே?

திரட்போலி. மூன்று எழுத்து கூடுதலாக வேண்டுமென்றால் திரள்வழிப் போலி. இதற்கு மறுதலையும் உண்டு: தனியாட்களிடம் கண்டதை அப்படியே பகுதிக்கு ஏற்றுவது. அதை ஆள்வழிப் போலி எனலாம். சோடியாக நிற்கும்.

* * *

சொல்லைத் தேர்வதற்கு முன் அது எந்த வாக்கியங்களில் உட்காரப்போகிறது என்று பார்த்துவிடலாம். கட்டுரையின் மூன்று கூறுகளிலும் இந்தக் கோளாறு ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

வட்டாரம்: இங்கே போலிக்கே இடமில்லை. வாக்கு எண்ணப்பட்டதே 382 பகுதிகளில்தான். இங்கிலாந்து 53.4%, வேல்ஸ் 52.5% வெளியேறு, ஸ்காட்லாந்து 62.0%, வட அயர்லாந்து 55.8% நீடி, லண்டன் 59.9% நீடி. லண்டனின் லாம்பெத் பகுதியில் நீடி 78.6%. ஸ்காட்லாந்தின் 32 மன்றப் பகுதிகளிலும் நீடியே முந்தியது. இவை பகுதியைப் பற்றிய கூற்றுகள், பகுதித் தரவிலிருந்தே வருகின்றன. ஒரு சிக்கல் மட்டும் உண்டு: பிரிட்டன் பெருநிலத்தில் எண்ணிக்கை உள்ளாட்சிப் பகுதிவாரியாக நடந்தது, நாடாளுமன்றத் தொகுதிவாரியாக இல்லை. ‘இத்தனை தொகுதிகள் வெளியேறு என்றன’ என்று எங்கு பார்த்தாலும் அதில் பெரும்பகுதி மதிப்பீடு. கட்டுரையில் ‘தொகுதி’ என்ற சொல்லையே தவிர்ப்பது நல்லது.

வயது: வாக்குச்சீட்டில் வயது இல்லை. அன்று வாக்குச்சாவடி வாசல் கருத்துக்கணிப்பை ஒலிபரப்பு நிறுவனங்கள் நடத்தவும் இல்லை. ஆகவே வயது பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் ஆள்வாரியான கருத்துக்கணிப்புகளிலிருந்து. வாக்களித்த 12,369 பேரிடம் கருத்துக்கணிப்பாளர் ஆஷ்கிராஃப்ட் பிரபு கேட்டதில் 18–24 வயதினரில் நீடி 73%, 65க்கு மேல் 40%. யூகவ் நிறுவனத்தின் கணிப்பில் 18–24இல் நீடி 71%, 65க்கு மேல் 36%. இரண்டு, நான்கு புள்ளி முன்னே பின்னே இருந்தாலும் சரிவு ஒன்றே. வயது பற்றிய முடிவு நிற்பது இதனால்தான், முதியோர் ஊர்களின் வரைபடத்தால் அல்ல. இளைஞர்கள் வாக்களிக்கவே வரவில்லை என்று பரவிய பேச்சுக்கு ஊர்களின் இடைநிலை வயதையும் வாக்குப்பதிவு வீதத்தையும் இணைத்த வரைபடங்களும் துணை நின்றன. அது பாடநூல் அளவுக்குத் துல்லியமான போலி.

பால்: இதுதான் எனக்குப் பிடித்த இடம். பகுதித் தரவு இங்கே வாயே திறக்காது. எந்த ஊரிலும் பெண்கள் ஏறக்குறையப் பாதி. ஊருக்கு ஊர் மாறாத ஒன்றை வைத்து, ஊருக்கு ஊர் மாறும் வாக்கை எப்படி விளக்குவது? எல்லைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வாக்களித்தவரில் சரிபாதி பெண்கள் என்று கொள்வோம். ஓர் ஊரில் வெளியேறு 52% என்றால், ஆண்கள் அனைவரும் வெளியேறு என்றிருந்தால் பெண்களில் 4% போதும். மறுமுனையில் பெண்கள் 100% வெளியேறு என்றிருக்கலாம். நான்கிலிருந்து நூறுவரை! 75.6% உள்ள பாஸ்டனில்கூட 51.2இலிருந்து 100வரை. ஆள்வாரிக் கணிப்பைப் பார்த்தால் ஆஷ்கிராஃப்டில் ஆண், பெண் இருபாலிலும் வெளியேறு 52%. யூகவில் ஆண் 53, பெண் 51. வேறுபாடு இல்லை என்றே எழுதலாம்.

ஆனால் பிந்தைய ஆண்டுகளில் ‘வெளியேறியது சரியா, தவறா’ என்று கேட்கும் கணிப்புகளை எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘தெரியாது’ என்ற விடை பெண்களிடம் கூடுதலாக வருவது கணிப்புகளில் வழக்கம். அதைக் கழித்துவிட்டுச் சதவீதம் போட்ட அட்டவணையையும் கழிக்காத அட்டவணையையும் அருகருகே வைத்தால், இல்லாத பால் இடைவெளி முளைக்கும்.

ஆள்வாரிக் கணிப்பு என்றதும் எல்லாம் தீர்ந்துவிட்டதாகவும் எண்ண வேண்டாம். 1,700 பேரைக் கேட்ட கணிப்பில் ஸ்காட்லாந்துக்காரர் 150 பேர்கூடத் தேறமாட்டார்கள். பிழை விளிம்பு கூட்டியும் குறைத்தும் 8 புள்ளி. அவர்களில் 18–24 வயதுப் பெண்கள் என்று பிரித்தால் ஒரு மேசைக்குள் உட்காரவைத்துவிடலாம். பெருநிலக் கணிப்புகள் பலவற்றில் வட அயர்லாந்து சேர்வதே இல்லை.

சொல்லைப் பொறுத்தவரை: திரள் சரி. ‘திரள் தரவு’ என்று பிரித்தே எழுதுங்கள். புணர்ச்சி விதிப்படி ‘திரட்டரவு’ என்று எழுதினால் ஏதோ பாம்பு வகை என்பார்கள்.

* * *

‘போலி’க்கு ஓர் ஆட்சேபம். தேர்தல் கட்டுரையில் ‘போலி’ என்ற சொல் வந்தாலே தமிழ்நாட்டு வாசகருக்குப் போலி வாக்காளர், கள்ள ஓட்டுத்தான். ‘பாஸ்டன் முடிவை வைத்துச் செய்யப்பட்ட திரள்வழிப் போலி’ என்றால் அங்கே ஏதோ மோசடி நடந்ததாகப் பொருள் கொள்வார்கள். அளவையியல் வகுப்பில் பொருந்துவது செய்தித்தளத்தில் பொருந்தாது. ‘வழு’வே பாதுகாப்பு.

* * *

> ‘வழு’வே பாதுகாப்பு.

‘திரள்வழி வழு’வை மூன்று தடவை வேகமாகச் சொல்லிப் பாருங்கள் அம்மா.

ஆட்சேபம் நியாயமானதுதான். ஆனால் நாம் இன்னொரு சொல்லை மறந்துவிட்டோம். ‘எக்கலாஜிக்கல் இன்ஃபெரன்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. திரள் தரவிலிருந்து ஆள்வாரி நடத்தையை, எல்லைகளும் பிழை விளிம்பும் சொல்லி, கவனமாக மதிப்பிடும் முறை அது. குற்றமல்ல, தொழில். மேலே போட்ட ‘நான்கிலிருந்து நூறுவரை’ கணக்கு அதன் முதற்படி. அதைத் ‘திரள்வழி அனுமானம்’ என்று வைத்தால், தவறிப்போன வடிவம் ‘திரள்வழி அனுமானப் போலி’. நடுவில் அனுமானம் வந்துவிட்டால் கள்ள ஓட்டு நினைவு வராது, எது போலி என்பது சொல்லிலேயே இருக்கிறது. முதல் தடவை முழுச்சொல், பிறகு திரட்போலி.

* * *

அப்படியே எடுத்துக்கொள்கிறேன். சோதனைக்காகத் திருத்திய பத்தி கீழே:

‘1975 வாக்கெடுப்பில் ஐரோப்பியச் சமூகத்தில் நீடிக்க இங்கிலாந்தில் 68.7% பேரும் ஸ்காட்லாந்தில் 58.4% பேரும் ஆதரவு தந்தனர். 2016இல் வரிசை தலைகீழானது. 2016இல் 65 வயதைத் தாண்டியோர் 1975இல் 24 வயதைத் தொட்டவர்கள், வாக்குரிமை உள்ளவர்கள். எனவே அன்று ஆதரித்தவர்களே இன்று எதிர்த்தார்கள் என்று சொல்லத் தோன்றும். இரு மொத்தங்களின் வேறுபாட்டிலிருந்து ஆட்களின் மனமாற்றத்தைப் படிப்பது திரள்வழி அனுமானப் போலி. இடையில் 41 ஆண்டுகளில் இறந்தவர்கள், பிறந்தவர்கள், இடம்பெயர்ந்தவர்கள் எல்லாம் அந்த வேறுபாட்டுக்குள் இருக்கிறார்கள். ஒரே ஆட்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கேட்ட கணிப்பு மட்டுமே மனமாற்றத்தைக் காட்டும். வேல்ஸை வெளியேறு பக்கம் தள்ளியது அங்கே குடிபோன ஆங்கிலேய ஓய்வூதியர்கள்தாம் என்ற வாதத்துக்கும் இதே திரட்போலி பொருந்தும்.’

கடைசி வரியில் ‘திரட்போலி’ துணையின்றி நிற்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். ‘பேனல் சர்வே’க்குத் ‘தொடர்குழுக் கணிப்பு’ என்று போட்டிருந்தேன், பிடிக்காமல் எடுத்துவிட்டேன். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.