இன்ஃப்ளக்ஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களே, ஒரு மொழிபெயர்ப்பில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். 'இன்ஃப்ளக்ஸ் ஆஃப் டூரிஸ்ட்ஸ்' என்று வருகிறது. முதலில் 'உட்பாய்வு' என்று எழுதினேன். செல்லுக்குள் கால்சியம் அயனிகள் நுழைவதற்கு அது சரி. சுற்றுலாப் பயணிகள் உட்பாய்ந்தார்கள் என்றால் சிரிப்பார்கள்! லத்தீன் வேருக்கு உள்ளே பாய்வது என்றுதான் பொருள். (இன்ஃப்ளூயன்ஸாவும் இதே குடும்பமாம்.) அணைக்கு வருவது இன்ஃப்ளோ, அதற்கு 'நீர்வரத்து' கச்சிதம். ஆனால் இன்ஃப்ளக்ஸில் திடீரென்று, திரளாக என்ற தொனியும் இருக்கிறதே. வெறும் 'வரத்து' என்றால் அந்த வேகம் போய்விடுகிறது. 'படையெடுப்பு' என்றால் சண்டைக்கு வந்த மாதிரி ஆகிவிடும். இப்போதைக்குப் 'பெருவரவு' என்று போட்டு வைத்திருக்கிறேன். ஒட்டுகிறதா? அப்புறம், அடுத்த பத்தியில் அந்நிய முதலீட்டுக்கும் இதே சொல்தான் வருகிறது. அங்கே என்ன போடலாம்?