புதுப்பிப்பு: வேன் கேம்பரில் கூரையும் பேட்டரியும் முடிந்தது

பழைய வேனை கேம்பராக, அதாவது உள்ளேயே தங்கிப் பயணம் போகும் வண்டியாக மாற்றுகிறேன், கூரைச் சூட்டுக்கு என்ன செய்வது, எந்த பேட்டரி வாங்குவது என்று முன்பு கேட்டிருந்தேனுங்க. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கூரைதான் பெரிய வேலை. ஈரோட்டு வெயிலில் தகரத்தில் கை வைக்க முடியாது. துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, சூடு தடுக்கும் நைட்ரைல் ரப்பர் ஷீட்டை இடைவெளி விடாமல் ஒட்டினோம். ஷீட் சூட்டைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். உள்ளே சேர்ந்த சூடு வெளியேற கூரையில் ஃபேன் கட்டாயம் வேண்டும். செலவைப் பார்த்து அதை விட்டுவிடாதீர்கள்.

பேட்டரி லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் (Ah). அதாவது 1,280 வாட்-ஹவர் (Wh) மின்சாரம் சேமிக்கும். லெட் ஆசிட் பேட்டரியில் சார்ஜைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும், எடையும் அதிகம். மெத்தை பொள்ளாச்சி தென்னை நார்.

ஆழியாறிலிருந்து வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவுகள். அலமாரிக் கதவு ஒன்றுகூடத் திறக்கவில்லை, அழுத்திப் பூட்டும் தாழ்ப்பாள் அருமை.

அப்புறம், ஆர்.சி.யில் (வண்டிப் பதிவுச் சான்றில்) உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 கட்டுப்பாடு வைத்திருக்கிறது. சீட்டைக் கழற்றும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

அடுத்து தண்ணீர்த் தொட்டி. பின் அச்சுக்கு மேலேயா, முன்னாலா? செய்தவர்கள் சொல்லுங்க.