ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடின ஃபோர் வீல் டிரைவ்: வாங்கின கையோட என்னென்ன பார்க்கணும்? நாலு ஊர்க்காரங்க சொல்றது

காட்பாடியிலிருந்து

பழைய தார், ஜிப்சி, ஸ்கார்பியோ ஃபோர் பை ஃபோர் எது வாங்கினாலும் பெரிய டயர், பம்பர், விஞ்ச் எல்லாம் அப்புறம். முதல்ல அடியில இருக்கிற ஆயில் எல்லாத்தையும் இறக்குங்க. எஞ்சின் ஆயிலை யாரும் மறக்க மாட்டாங்க. கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் சக்தியை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரிக்கிற பெட்டி), முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல் (ஆக்சில் நடுவுல, திரும்பும்போது ரெண்டு சக்கரத்தையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற கியர்) இந்த நாலும்தான் வருஷக்கணக்கா தொடாம கிடக்கும்.

பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு ஆயில் சூடா இருக்கும்போதே இறக்கணும். டிரெயின் பிளக்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி மேல இருக்கிற ஃபில்லர் பிளக் கழலுதான்னு பாருங்க. அது துருப்பிடிச்சு இறுகியிருந்தா, பழைய ஆயிலையும் இறக்கிட்டு புதுசும் ஊத்த முடியாம வண்டி ஜாக்கி மேலேயே நிக்கும்.

டிரெயின் பிளக்ல காந்தம் இருந்தா அதைத் துடைக்காம முதல்ல பாருங்க. மை மாதிரி சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தா அது சாதாரணத் தேய்மானம். விரலால தேய்ச்சா நறநறன்னு இருந்தாலோ, ஊசி மாதிரி துணுக்கு வந்தாலோ பேரிங் போயிட்டிருக்கு. கியர் பல்லோட சில்லு வந்தா கவரைத் திறந்தே ஆகணும். ஆயில் பால் கலந்த டீ நிறத்துல வந்தா உள்ளே தண்ணி போயிருக்கு. பெரும்பாலும் காரணம் பிரீதர்தான், அதாவது ஆக்சிலுக்குள்ள காத்து போய்வர இருக்கிற சின்னக் குழாய். ஏரி வாய்க்கால்ல இறங்கினதும் சூடான ஆக்சில் சட்டுனு குளிரும், உள்ள காத்து சுருங்கி தண்ணியை உறிஞ்சிக்கும். பிரீதர் குழாயை டீசல்ல கழுவி, ரப்பர் டியூப் போட்டு எஞ்சின் ரூம் வரைக்கும் மேல ஏத்திக் கட்டிடுங்க. செலவு சில நூறு ரூபாதான்.

ஜிப்சிக்கு சுமாரா முன் டிஃபரன்ஷியல் 2 லிட்டர், பின் 1.5, டிரான்ஸ்ஃபர் கேஸ் 0.8, கியர்பாக்ஸ் 1.3. எந்த வண்டியா இருந்தாலும் சமதளத்துல நிறுத்தி, ஃபில்லர் ஓட்டை விளிம்புல வழியற வரைக்கும் ஊத்தினா அளவு சரி. டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 (கியர் ஆயில் டப்பாவுல போட்டிருக்கிற தர வகை). அதையே கியர்பாக்ஸ்லயும் ஊத்திடுறது இங்க பல ஷெட்ல நடக்குது, தயவுசெஞ்சு கூடாது. வண்டியோட மேனுவல் புத்தகத்துல ஜிஎல்-4 போட்டிருந்தா அதேதான் ஊத்தணும். ஜிஎல்-5ல இருக்கிற கந்தகச் சேர்மானம் கியர் சத்தமில்லாம விழ உதவுற பித்தளை சிங்க்ரோ ரிங்கை அரிக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸ் சிலதுக்கு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்), சிலதுக்கு கியர் ஆயில். மேனுவல் பார்க்காம ஊத்தாதீங்க.

ஆம்பூரிலிருந்து

ஆயில் பத்தி காட்பாடி அண்ணன் சொன்னதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல. நம்ம ஊருக்குன்னு பார்த்தா கூலன்ட்தான் பெரிய விஷயம். ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் பாலாத்தங்கரையில போர் தண்ணி உப்பு. அந்தத் தண்ணியை ரேடியேட்டர்ல ஊத்தி ஓட்டின வண்டிதான் இங்க கைமாறுது. மூடியைத் திறந்து டார்ச் அடிச்சா குழாய் வாயில வெள்ளைப் படிவம் தெரியும். துரு நிறத் தண்ணி வந்தா எஞ்சின் பிளாக்கும் உள்ளே அரிச்சிருக்கு.

எஞ்சின் நல்லா ஆறினப்புறம் பழசை இறக்கி, டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டுல வெச்சு, மேல் ஹோஸ் சூடாகிற வரைக்கும் ஓட விடுங்க. திரும்ப ஆறவிட்டு இறக்குங்க. தெளிஞ்ச தண்ணி வர வரைக்கும் இதேதான். கடைசியில கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. ராத்திரி நிறுத்தின வண்டியில காலையில மேல் ஹோஸ் சப்பிப் போய் கிடந்தா ரேடியேட்டர் மூடியோட வால்வு வேலை செய்யல, மூடியை மாத்துங்க.

இன்னொண்ணு, தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகிற வரைக்கும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) உள்ள இருக்கான்னு உறுதிப்படுத்திக்கோங்க. வெயில் ஊருன்னு சொல்லி அதைக் கழட்டி எறியற பழக்கம் இங்க ரொம்ப நாளா இருக்கு. அது இல்லாட்டி எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், டீசல் அதிகமா குடிக்கும், பிஸ்டன் ரிங் தேயும். சூடு ஏறுறதுக்கான நிஜக் காரணம் அடைச்ச ரேடியேட்டரோ செத்த ஃபேன் கிளட்சோ அப்படியே இருக்கும்.

குடியாத்தத்திலிருந்து

ஸ்டீயரிங் அம்பது அறுபது வேகத்துல உதறினா உடனே அலைன்மென்ட்டுக்கு ஓடாதீங்க. முன் சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்ட் வெச்சு, மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா ஒருத்தரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்க. மிதிச்சதும் ஆட்டம் நின்னா வீல் பேரிங். நிக்காட்டி, சக்கரம் இடம் வலமா திரும்புற மூட்டு: ஜிப்சியில கிங் பின் பேரிங், மத்ததுல பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடிச்சு ஆட்டும்போது ஆடினா டை ராடு எண்ட் (ஸ்டீயரிங் கம்பியோட முனை).

ரிவர்ஸ்லேர்ந்து ஃபர்ஸ்ட் மாத்தும்போது அடியில 'டக்'னு கேட்டா புரொப்பெல்லர் ஷாஃப்ட் (டிஃபரன்ஷியலுக்குச் சக்தி கொண்டுபோற தண்டு) முனையில இருக்கிற கிராஸ் மூட்டு தேய்ஞ்சிருக்கும். கிரீஸ் அடிச்சா நாலு கப்புலயும் பழசு வெளிய வரணும். ஒண்ணுல வரலைன்னா அந்தக் கப் காஞ்சு கிடக்கு, கிராஸை மாத்திடுங்க. ஷாஃப்டைக் கழட்டும் முன்னாடி ரெண்டு ஃபிளாஞ்ச்லயும் பெயின்ட் கோடு போட்டு, அதே கோட்டுல திரும்ப மாட்டணும்.

டைமிங் பெல்ட் எப்ப மாத்தினதுன்னு பில் இல்லாட்டி, மாத்தலைன்னே வெச்சுக்கோங்க. ஜிப்சி 1.3ல பெல்ட், மஹிந்திராவோட எம்ஹாக் 2.2 எஞ்சின்ல செயின். பெல்ட் மாத்தினா டென்ஷனரும் கூடவே.

ஆரணியிலிருந்து

சென்னையிலிருந்து வந்த வண்டின்னா சீட் பெல்ட்டை முழுசா வெளிய இழுத்துப் பாருங்க. 2015, 2023 வெள்ளத்துல நின்னது அந்தக் கடைசி முழத்துல சேத்துக் கோடா தெரியும். வண்டி வாங்கியாச்சுன்னாலும் கவலைப்பட வேண்டாம், கார்ப்பெட்டைத் தூக்கி காய வெச்சு, கனெக்டர் ஒவ்வொண்ணா பிரிச்சு கான்டாக்ட் கிளீனர் அடிங்க. பச்சை பூத்த பின்னைச் சுரண்டாதீங்க, மாத்துங்க.

ஃபோர் வீலை மாசம் ஒரு தடவையாவது போட்டு ஓட்டணும், இல்லாட்டி முன் பாகத்துல சீல் காயும், லீவர் இறுகும். ஆனா பார்ட் டைம் சிஸ்டத்தை (தேவைப்படும்போது மட்டும் லீவர்ல போடுற ஃபோர் வீல்) காஞ்ச தார் ரோட்டுல போடவே கூடாது. ஏலகிரியோட 14 வளைவுலயும் டூ வீல்தான். திரும்பும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் வேற வேற தூரம் ஓடும், நடுவுல டிஃபரன்ஷியல் இல்லாததால முறுக்கம் மொத்தமும் டிரான்ஸ்ஃபர் கேஸ் செயின்லயும் ஷாஃப்ட்லயும் ஏறும். லீவர் மாட்டிக்கிட்டா இழுத்து மல்லுக்கட்டாம, நேரா நாலஞ்சு மீட்டர் பின்னால எடுங்க, விட்டுடும். பழக மண் ரோடு போதும். லோ ரேஞ்சுக்கு (வேகம் குறைஞ்சு இழுவை கூடுற கியர்) வண்டியை நிறுத்தி, கிளட்ச் மிதிச்சுதான் மாத்தணும்.

நாலு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் இருக்கணும். முன்னால புதுசு ரெண்டு, பின்னால மொட்டை ரெண்டுன்னு ஃபோர் வீல்ல ஓட்டினா நேர் ரோட்டுலகூட அதே முறுக்கம் வரும். டயர் பக்கவாட்டுல இருக்கிற குறியீட்டோட கடைசி நாலு எண் தயாரிப்புத் தேதி: 2319ன்னா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்க, அதுதான் பெரும்பாலும் வண்டியோட வயசுலயே இருக்கும்.