வேலூர் நகராட்சித் தலைவர்கள் பட்டியல்: விடுபட்ட வருடங்களை எப்படி நிரப்புவது?

கோட்டைவாசல்:
வேலூர் நகராட்சி தொடங்கிய 1866 முதல் இன்றுவரை தலைவர் பதவியில் இருந்தவர்களின் பெயரும் காலமும் வேண்டும், ஒரு பெயர்ப்பலகைக்காக. கையில் உள்ள பட்டியலில் எல்லாரையும் மேயர் என்றே போட்டிருக்கிறார்கள். நடுவில் பெரிய ஓட்டைகள். சத்துவாச்சாரி, தாராபடவேடு சேர்மன்களையும் இதிலேயே சேர்க்கலாமா?

பழையதாள்:
சேர்க்கக் கூடாது. அவை இரண்டும் தனி நகராட்சிகள். 2011 உள்ளாட்சித் தேர்தலோடு மாநகராட்சிக்குள் வந்தன. தனித்தனிப் பட்டியலாகப் போட்டு 2011-ல் முடித்துவிடுங்கள். வேலூர் மாநகராட்சி ஆனது 2008 ஆகஸ்ட் 1-ல். அதற்கு முன் இருந்தவர் யாராக இருந்தாலும் நகர்மன்றத் தலைவர்தான், மேயர் கிடையாது. 2006-ல் தேர்வான மன்றத்தின் நடுவில் தரம் உயர்ந்ததால், அந்த ஒரு காலத்தை மட்டும் ஆகஸ்ட் 1-ல் இரண்டாக வெட்ட வேண்டும்.

சிக்கல் 19-ஆம் நூற்றாண்டில்தான். 1865, 1871 நகர மேம்பாட்டுச் சட்டங்களின் காலத்தில் நிர்வாகம் கலெக்டர் பிடியில் இருந்தது. வைஸ்ராய் ரிப்பன் பிரபுவின் 1882 உள்ளாட்சித் தீர்மானத்துக்குப் பிறகு, 1884 சட்டத்தில்தான் உறுப்பினர்களே தலைவரைத் தேர்ந்தெடுக்க வழி வந்தது. அதுவும் அரசு அனுமதித்த ஊர்களுக்கு மட்டும். மற்ற ஊர்களில் நியமனம் தொடர்ந்தது. அதனால் பெயர், காலம் தவிர ‘நியமனம் / தேர்வு’ என்று மூன்றாவது நெடுவரிசை ஒன்று போடுங்கள். இல்லாவிட்டால் வெள்ளைக்கார அதிகாரியும் ஓட்டில் ஜெயித்தவர் மாதிரி தெரிவார்.

பாலாற்றங்கரை:
ஓட்டைகளில் பாதி ஓட்டையே இல்லை சார், தனி அலுவலர் (மன்றம் இல்லாதபோது அரசு நியமிக்கும் அதிகாரி) ஆட்சி. 1986 தேர்தலுக்கு முன் பல வருடங்கள், 1991-லிருந்து 1996 வரை, பிறகு 2016 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை மன்றமே கிடையாது. இங்கே பெயரைத் தேடி அலைய வேண்டாம். ‘தனி அலுவலர்’ என்று எழுதி வருடத்தைப் போட்டால் போதும்.

தேர்வு முறையும் மாறி மாறி வந்திருக்கிறது. 1986, 1996, 2001-ல் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டார்கள். 2006-ல் கவுன்சிலர்கள். 2011-ல் திரும்பவும் நேரடி. கார்த்தியாயினி மேயரானது அப்படித்தான். 2022-ல் மறுபடியும் கவுன்சிலர்கள் ஓட்டு, சுஜாதா ஆனந்தகுமார். தேர்தல் முடிவு நாளைப் பதவியேற்ற நாளாக எழுதிவிடாதீர்கள். 2022-ல் வாக்குப்பதிவு பிப்ரவரி 19, மேயர் தேர்தல் மார்ச் 4.

பழையதாள்:
எங்கே தேடுவது என்பதற்கு: எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட்டும் (அந்தக் கால அரசிதழ்), உள்ளாட்சி தொடர்பான பழைய அரசாணைகளும். 1911 வரை, வேலூர் அடங்கிய வட ஆற்காடு மாவட்டத்தின் கலெக்டர் அலுவலகம் சித்தூரில்தான் இருந்தது. அதனால் அந்தக் காலக் கடிதங்களில் ‘சித்தூர்’ என்று முகவரி இருந்தால் வேறு ஊர் கோப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

பிற்காலத்துக்கு மன்றத் தீர்மானப் புத்தகம்தான் சாட்சி. மாநகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்கு தகவல் உரிமைச் சட்டம் (ஆர்டிஐ) பிரிவு 6(1)-ன் கீழ், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எழுதுங்கள். ‘தலைவர்கள் பட்டியல் தருக’ என்று கேட்டால் ‘அப்படி ஒரு பட்டியல் பராமரிக்கப்படவில்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். புதிய மன்றம் கூடிய முதல் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு நகல் வேண்டும் என்று, வருடத்தைச் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் 19(1) மேல்முறையீடு. தலைவர் பதவிக்காலத்தின் நடுவில் இறந்தோ விலகியோ இருந்தால் துணைத் தலைவர் பொறுப்பில் இருந்த மாதங்கள் முதல் கூட்டக் குறிப்பில் தெரியாது. அந்த வருடங்களுக்கு மட்டும் புத்தகத்தை நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள்.