கூடைக்கும் வரிசையில் இடம் உண்டா?

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, சென்னையில் எங்கள் வீட்டருகே உள்ள ஒரு சூப்பர் மார்க்கெட்டில் நடந்தது இது. பில் போடும் கவுண்டர்கள் நான்கு இருந்தும் இரண்டில் மட்டுமே ஆட்கள் இருந்தார்கள். வரிசை அப்பள அலமாரி வரை வளைந்திருந்தது. எனக்கு முன்னால் நின்றது மனிதர் அல்ல, ஒரு சிவப்புக் கூடை. அதில் ஏலக்காய்ப் பொட்டலம் ஒன்றும் அரைக் கிலோ வெல்லமும் கிடந்தன. "அண்ணா, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள், இதோ வந்துவிடுகிறேன்" என்று சொல்லிச் சென்ற பெண்மணிக்காக, வரிசை நகரும்போதெல்லாம் அந்தக் கூடையைக் காலால் தள்ளிக்கொண்டே வந்தேன். கால் மணி நேரம் கழித்து, எங்கள் முறைக்கு ஒருவரே பாக்கியிருந்தபோது, அவருடைய கணவர் அரிசி மூட்டையும் எண்ணெய்க் கேன்களுமாக நிரம்பி வழிந்த டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். நான் ஒப்புக்கொண்டது கூடைக்குத்தான், டிராலிக்கு அல்ல என்றேன். "நாங்கள்தானே முதலில் வந்தோம்" என்றார் அவர். பின்னால் நின்ற பெரியவர், "மண்ணெண்ணெய் வாங்கக் கல்லை வைத்து இடம் பிடித்தவர்கள் தம்பி நாம்" என்று சிரித்தார். அந்தக் கல்லுக்காவது ஒரு நியாயம் இருந்தது. ஒரு ரேஷன் கார்டுக்கு உரிய அளவுக்கு மேல் யாருக்கும் ஊற்ற மாட்டார்கள்.

மறந்துபோன ஒரு பொருளை எடுக்க ஓடுவதை நான் குறை சொல்லவில்லை. கூடையை நிற்க வைத்துவிட்டுக் கடை முழுவதும் சுற்றுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

*

மேலே எழுதியவருக்குக் கூடையையாவது காலால் தள்ளிவிட முடிந்தது. எனக்கு நேர்ந்தது கவுண்டரில். கைப்பேசி எண் தராவிட்டால் பில் வராது என்று சொல்லிவிட்டார்கள். எண் கேட்டு வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே அறிவுறுத்தியிருப்பதைச் சொன்னேன். மேலாளரை அழைத்து, எண் இல்லாமலே பில் போட்டுத் தந்தார்கள். அதற்குள் பின்னால் இருந்தவர்கள், குற்றவாளி நான்தான் என்று முடிவு செய்துவிட்டிருந்தார்கள்.

*

மேலே எழுதிய இருவரும் மற்றவர்களின் தவறைச் சொன்னார்கள். நான் சொல்லப்போவது என்னுடைய தவறு. தக்காளியை எடைபோட்டு ஸ்டிக்கர் ஒட்டாமல் கவுண்டருக்குக் கொண்டுவந்துவிட்டேன். பில் போட்ட பெண் ஒரு வார்த்தையும் கடியாமல், "அக்கா, ஓடிப் போய் ஒட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், பில்லை நிறுத்தி வைக்கிறேன்" என்றார். காய்கறிப் பகுதியிலும் வரிசை இருந்ததால் நான் திரும்ப ஐந்து நிமிடம் ஆனது. அந்த ஐந்து நிமிடமும் என்மேல் இருந்த கோபத்தை எல்லாம் வரிசையில் நின்றவர்கள் அந்தப் பெண்ணின்மேல் கொட்டியிருக்கிறார்கள்.

மன்னிப்புக் கேட்டபோதுதான் அவர் ஒரு காலை மாற்றி மறு காலில் நிற்பதைக் கவனித்தேன். காலை ஒன்பது மணியிலிருந்து நிற்பதாகச் சொன்னார். அப்போது மணி மூன்றரை. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். அவருக்குப் பின்னாலும் ஒரு ஸ்டூல் இருக்கத்தான் செய்தது. அதன்மேல் கட்டுக் கட்டாகத் துணிப்பைகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.