புதுப்பிப்பு: சேர்க்கை இல்லை என்று வாயால் மட்டும் சொன்னால்

சிறப்புக் குழந்தையைப் பள்ளி மறுக்கும்போது துணைக்குப் போகும் பெற்றோருக்காக முன்பு எழுதியதில் ஒரு திருத்தம். சேர்க்கைக்கு 40 சதவீத ஊனச் சான்றிதழ் முதலில் வேண்டும் என்றிருந்தோம், அது தவறு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 16 அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்கிறது, சதவீதம் கேட்கவில்லை. 40 என்பது பிரிவு 31-இன் இலவசக் கல்விக்கு (6 முதல் 18 வயது).

புகார் நிற்காமல் போவது பெரும்பாலும் கையில் தாள் இல்லாததால்தான். விண்ணப்பம் இரண்டு படி. ஒன்றில் பள்ளியின் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தர மறுத்தால் அன்றே விரைவுத் தபால், ரசீது பத்திரம். உடன் போகிறவர் வாதாட வேண்டாம். யார், என்ன, எத்தனை மணிக்குச் சொன்னார் என்று குறித்தால் போதும். பதறி நிற்கும் தாய்க்கு அதுவே பெரிய பலம். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்குத் தரும் புகார் மனுவில் குறிப்பு, ரசீது இரண்டையும் இணையுங்கள்.