வேப் முழு சார்ஜில் மட்டும் கருகல் அடிக்குது. காயில் போச்சா, வேற ஏதாவதா?

அரிசலாறு (கும்பகோணம்):
அண்ணன் ஷார்ஜாவிலேர்ந்து கொண்டுவந்த பாட் வகை வேப் (இ-சிகரெட், பாட்னா ஜூஸ் நிரப்புற சின்னக் கூடு). வாட் ஏத்தி இறக்க பட்டன் கிடையாது, வாயில வெச்சு இழுத்தா வேலை செய்யும். காயில் (ஜூஸைச் சூடாக்குற கம்பியும் பஞ்சும்) 0.8 ஓம், அது மேலயே 12–16 வாட்னு அச்சடிச்சிருக்கு. ஜூஸ்ல 70 பங்கு விஜி (கெட்டியான கிளிசரின்), 30 பங்கு பிஜி (இளக்கமான புரோபிலின் கிளைக்கால்). காயில் மாத்தி ரெண்டு நாள்தான் ஆகுது. சார்ஜர்லேர்ந்து எடுத்த உடனே முதல் எட்டு பத்து இழுப்பு தொண்டையை அறுக்குற மாதிரி கருகல். சார்ஜ் பாதிக்கு வந்ததும் தானா குறையுது. டேங்குல பாதிக்கு மேல ஜூஸ் இருக்கு. வேற காயில் கைவசம் இல்ல. அதுவரைக்கும் விளக்குத் திரிப் பஞ்சை வெச்சு ஓட்டலாமா?

கல்லணை_மதகு:
காரணம் நீங்க சொன்னதுலயே இருக்கு. பட்டன் இல்லாத மலிவு பாட்கள்ல பல, பேட்டரி வோல்டேஜை அப்படியே காயிலுக்கு அனுப்பும். முழு சார்ஜ் 4.2 வோல்ட். வோல்டேஜை அதாலேயே பெருக்கி ஓமால வகுத்தா வாட்: 17.64 ÷ 0.8 = 22. காயில் தாங்குறது 16. பாதி சார்ஜ்ல 3.7 வோல்ட், அப்ப 17 வாட். அதனாலதான் தானா அடங்குது. இழுக்கும்போது வோல்டேஜ் கொஞ்சம் இறங்கும், ஆனாலும் முழு சார்ஜ்ல வரம்பைத் தாண்டித்தான் நிக்கும்.

அகல் விளக்கை நினைச்சுக்குங்க. எண்ணெய் ஏறுற வேகத்தைவிட எரியிற வேகம் கூடினா திரி நுனி கருகும். இங்கயும் அதேதான், ஜூஸ் ஏறுறதுக்குள்ள பஞ்சு காஞ்சிடுது. 70 விஜி கெட்டியான ஜூஸ். பாட் காயிலோட பொடி ஓட்டை வழியா அது மெதுவாத்தான் நுழையும். அந்த ஜூஸ் பெரிய ஓட்டை உள்ள பெரிய வேப் டேங்குக்கு. 0.8 ஓமுக்கு 50/50 போதும்.

இதே பாட்டுக்கு 1.2 ஓம் காயில் இருந்தா அதைப் போடுங்க. 4.2 வோல்ட்லயும் 14.7 வாட்தான் வரும். அதுல அச்சடிச்ச வரம்பையும் ஒரு தடவை பாத்துக்குங்க. சில 1.2 காயில் 12 வாட்டோட நின்னுடும். அப்படின்னா சார்ஜை பாதியோட கழட்டுங்க.

மன்னை_தேரடி:
கணக்கு சரி. ஆனா காயிலை வெளிய எடுத்துப் பாக்காம முடிவு கட்டாதீங்க தம்பி. சூடு வேற, கருகல் வேற. ஆவி சுடுது, சுவை கெடலைன்னா காத்து ஓட்டை அடைஞ்சிருக்கும், அடைக்க சட்டைப்பை பஞ்சு நூலே போதும். வெல்லப்பாகு முறுகின மாதிரி இனிப்புக் கருகல்னா ஜூஸ்ல இருக்கிற சுக்ரலோஸ்ங்கிற இனிப்பூட்டி காயில் மேல அடை கட்டியிருக்கு. காகிதம் எரிஞ்ச மாதிரி காட்டமா இருந்தாத்தான் பஞ்சு கருகினது.

பஞ்சைப் பாருங்க. ஜூஸ் நிறத்துல இருந்தா பிழைச்சுது. ஓட்டைப் பக்கம் வெளுப்பு, கம்பிப் பக்கம் கறுப்புன்னா வறண்டு எரிஞ்சது. ஒரு தடவை கருகின பஞ்சு மறுபடி நனைஞ்சாலும் அந்த வாடை போகாது. கழுவி வெயில்ல காய வெச்சாப் போதும்னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க.

இன்னொண்ணு, ரப்பர் மூடியை இறுக்கிப் போட்டதும் உள்ள காத்து அடைச்சு ஜூஸ் இறங்காம நிக்கும். பாட்டை வேப்லேர்ந்து கழட்டி வெளிச்சத்துல பிடிச்சு, எரியவிடாம ரெண்டு இழுப்பு இழுங்க. ஓட்டை பக்கத்துலேர்ந்து குமிழி மேல வரணும். வரலைன்னா மூடியைத் திறந்து மூடுங்க.

அரிசலாறு:
பாத்தேன் அண்ணே. குமிழி வருது, ஆனா ஒண்ணு வர்றதுக்கே நேரமாகுது. பஞ்சு ஒரு பக்கம் கடுங்காப்பி நிறம், கம்பியை ஒட்டி கறுப்பு. ஊத்தி அஞ்சு நிமிஷத்துல இழுக்க ஆரம்பிச்சது உண்மைதான்.

மன்னை_தேரடி:
அப்ப முதல் நாளே கருக்கிட்டீங்க. தூக்கிப் போடுங்க. அடுத்த காயிலுக்கு ஓட்டை ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மூணு சொட்டு, நடுக்குழாய்ல ஒரே சொட்டு (அதிகம் விட்டா வாய்க்கு வரும்). பாட்டை நிரப்பி 15 நிமிஷம் விடுங்க, கெட்டி ஜூஸ்னா 20. இழுப்புக்கு இழுப்பு 20–30 விநாடி இடைவெளி. ஜூஸ் கால் பங்குக்குக் கீழ போகக்கூடாது.

பூம்புகார்_உப்புக்காத்து:
விளக்குத் திரி வேண்டவே வேண்டாம். பூஜைக்கடைப் பஞ்சுல பெரும்பாலும் இயற்கை மெழுகு நீக்கியிருக்க மாட்டாங்க. நல்லெண்ணெயை ஏத்தும், தண்ணியை ஏத்தாது. விஜியும் பிஜியும் எண்ணெய் இல்ல, தண்ணியோட கலக்குறது. ஒரு டம்ளர் தண்ணியில கொஞ்சம் போட்டுப் பாருங்க, மிதந்துக்கிட்டே இருக்கும். மெடிக்கல்ல விக்கிற உறிஞ்சும் பஞ்சு பத்து விநாடிக்குள்ள மூழ்கணும், அதுதான் தரக்கணக்கு. ஆனா அதுவும் நாமளே பஞ்சு மாத்துற டேங்குக்குத்தான். உங்களோடது அழுத்தி மூடின காயில், பிரிச்சா வலைக்கம்பி கிழியும்.

கருகலோட இழுத்துக்கிட்டே இருக்காதீங்க. கடாயில எண்ணெய் புகைஞ்சா கண்ணையும் தொண்டையையும் அறுக்குமே, அந்த அக்ரோலின் இங்கயும் வரும். கிளிசரின் அளவு மீறி சூடானா உண்டாகுறது அது. பஞ்சு காஞ்சா ஃபார்மால்டிஹைடும் ஏறும்.

ஜூஸை இளக்க தேங்காய் எண்ணெய், சமையல் எசன்ஸ்னு எதையும் கலக்காதீங்க. எண்ணெய் நுரையீரலுக்குள்ள போனா ஒருவித நிமோனியாவே வரும்.

கல்லணை_மதகு:
இளக்குற கணக்கு: 70/30 ஜூஸ் 10 மில்லிக்கு சுத்தமான பிஜி 4 மில்லி. மொத்தம் 14, அதுல விஜி 7, சரிபாதி. நிக்கோட்டின் மில்லிக்கு 6 மில்லிகிராம் இருந்தா 4.3 ஆ இறங்கும். பிஜி மருந்துத் தரமா இருக்கணும். பெயிண்ட், கெமிக்கல் கடை சரக்குல டைஎத்திலின் கிளைக்கால் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. 2025ல மத்தியப் பிரதேசத்துல இருமல் மருந்து குடிச்ச குழந்தைகள் இறந்தது அந்த விஷத்தாலதான். தரம் உறுதியில்லைன்னா கலக்காம, 50/50 ஜூஸாவே பாருங்க. நிக்கோட்டின் ஜூஸ் தோல்ல பட்டாலும் ஏறும், கையுறை போடுங்க, பாட்டில் குழந்தை கைக்கு எட்டக்கூடாது.

காவிரி_கடைமடை:
எல்லாரும் விட்டுட்ட ஒண்ணு. இங்க கடையில காயில் தேடாதீங்க. 2019 சட்டப்படி இ-சிகரெட் இறக்குமதி, விற்பனை, இருப்பு எல்லாமே தடை. முதல் தடவை விற்பனைக்கோ இறக்குமதிக்கோ ஒரு வருஷம் வரை சிறை, இல்ல 1 லட்சம் வரை அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். இருப்பு வெச்சா ஆறு மாசம், 50,000 வரை. அண்ணன் பெட்டியில கொண்டுவர்றதும் இறக்குமதிக் கணக்குலதான் வரும், கஸ்டம்ஸ்ல பிடிச்சா போச்சு. மறைச்சு விக்கிற இடத்துல கிடைக்கிறது பெரும்பாலும் போலி. மேல 0.8ன்னு இருக்கும், மீட்டர்ல வெச்சா 0.6 காட்டும். அப்ப 4.2 வோல்ட்ல 29 வாட். மேல போட்ட கணக்கெல்லாம் வீண்.

நிக்கோட்டினை விடலாம்னு தோணினா 1800-11-2356, கட்டணம் இல்லாத எண்.

கத்திரி வெயில்ல கார், பைக் டிக்கியில பாட்டை விட்டுடாதீங்க. சூட்டுல ஜூஸ் தண்ணியா இளகி, காயில்ல வெள்ளம் கட்டி, கொறகொறன்னு வாய்க்கு வரும். நாள்பட விட்டா நிக்கோட்டின் பழுப்பாகி மிளகுக் காரம் அடிக்கும். அதைப் பலர் கருகல்னு நினைச்சு நல்ல காயிலைத் தூக்கிப் போடுறாங்க. பாட்டிலை வெளிச்சத்துல பிடிச்சு நிறத்தைப் பாத்துட்டு அப்புறம் காயில்ல கை வைங்க.

அரிசலாறு:
பாட்டில் வெளிர் மஞ்சளாத்தான் இருக்கு. அப்ப ஜூஸ் பழசாகலை, பஞ்சுதான். காயிலை எடுத்துட்டேன். அண்ணன்கிட்ட எதையும் கொண்டுவரச் சொல்லலை, 1800 நம்பரைக் குறிச்சு வெச்சுக்கிட்டேன்.